புரட்டாசிக்கு வண்டி விடும் யாத்திரைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கொட்டாரம் வட்டாரங்களிலிருந்து கோயில் யாத்திரைக்கு வேனும் பஸ்ஸும் ஏற்பாடு செய்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

புரட்டாசி நெருங்கியதும் உங்கள் நோட்டீஸ் சாயாக்கடைச் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். ஒரே நாளில் நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்கள், கூடவே திருச்செந்தூர். விடியுமுன்னே புறப்பாடு, ராத்திரி திரும்புதல், சாப்பாட்டோடு சேர்த்துத் தலைக்கு இவ்வளவு ரூபாய். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, பஸ் மாறி மாறிப் போகத் தெம்பில்லாத எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களை நம்பித்தான் வெளியூர்ச் சாமியைப் பார்க்கிறார்கள். அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்: ஒரு நாளில் காட்டும் கோயில்களின் எண்ணிக்கையைப் பாதிக்குக் கீழே குறையுங்கள்.

ஒன்பதும் தாமிரபரணிக் கரையில் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன என்பீர்கள். தூரம் குறைவுதான், நேரம்தான் இல்லை. உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். அதற்குள் முடிந்த மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று நீங்கள் விரட்டுகிறீர்கள். அதே சனிக்கிழமை திருநெல்வேலி வண்டியும் மதுரை வண்டியும் அதே கணக்கோடு அங்கே வந்து நிற்கின்றன. வரிசையில் நசுங்கிக்கொண்டு நின்று, பெருமாள் முன்னால் ஒரு நொடி, தீர்த்தம், சடாரி, அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். முழங்கால் தேய்ந்த ஒரு அம்மா வேன் படியில் ஏறி இறங்குவது மட்டுமே ஒரு நாளில் எத்தனை தடவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

திருப்புளியங்குடியில் சயனக் கோலப் பெருமாளின் திருவடியைப் பார்க்கச் சுற்றுப் பிரகாரத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. சன்னதிக்கு நேரே நின்றால் பாதம் தெரியாது. பிரகாரம் சுற்றி வந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். அவசரத்தில் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்கிறார்கள்? ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் அசையாமல் இருந்ததாகச் சொல்லும் புளியமரத்தடி இருக்கிறது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கண்மூடி உட்காரவாவது விட வேண்டாமா? நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 22 அடி நீளத் திருமேனி, மூன்று வாசல் வழியாக முகம், உடல், பாதம் என்று பார்க்க வேண்டிய சாமி. ஓடுகிற காலோடு அதைப் பார்க்க முடியாது என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க் கோயிலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அடுத்தது, நோட்டீஸில் யாரும் எழுதாத விஷயம்: கழிப்பறை. என் பெரியம்மா யாத்திரை வண்டியில் ஏறுவதற்கு முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் ஒதுங்க இடம் இருக்குமா, வண்டியை நிறுத்தச் சொன்னால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களா என்ற பயம். பெரும்பாலான பெண்கள் இப்படித்தான் வருகிறார்கள், நீங்கள் கவனித்திருப்பீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிற உடம்பு, வெறும் வயிறு, நாக்கு வறண்டு, மத்தியான வெயிலில் கொதிக்கிற கல்தரையில் செருப்பில்லாத கால். ஒரு யாத்திரையில் பெரியம்மா பிரகாரத்திலேயே மயங்கிச் சரிந்தார். தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தது பூ விற்கிற ஒரு பெண். கூட்டிப் போனவர்கள் அடுத்த கோயில் நடை சாத்திவிடும் என்ற பதற்றத்தில் இருந்தார்கள். யாரையும் பெயர் சொல்லிக் குறை கூற இதை எழுதவில்லை. பட்டியல் அவ்வளவு நீளமாக இருந்தால் நல்ல மனுஷரும் அப்படித்தான் ஆகிப்போவார்.

கூட்டத்தில் தொலைந்துபோவது இன்னொரு பயம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது; அந்த வழக்கு திருச்செந்தூர் கோயிலைப் பற்றியதுதான். தடை நல்லதுதான், ஆனால் வரிசையில் பிரிந்துபோன ஒரு பாட்டி யாரைக் கூப்பிடுவார்? உள்ளே போகுமுன் ‘பிரிந்தால் இந்த இடத்தில் வந்து நில்லுங்கள்’ என்று ஓர் இடத்தைக் கையால் காட்டுங்கள். குழுத் தலைவர் எண்ணும் வண்டி எண்ணும் எழுதிய அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

பக்தி என்றால் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். கஷ்டப்படத் தெரியாத ஊரா நம் ஊர்? மகா சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு, விசிறியும் கையுமாகக் ‘கோபாலா, கோவிந்தா’ என்று 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்கள் நாம். ஆனால் சிவாலய ஓட்டத்தில் ஓடுகிறவர் விரதம் இருந்து உடம்பைத் தயார் செய்துகொண்டு வருகிறார். எங்கே உட்காருவது என்பதை அவரே முடிவு செய்கிறார். வழியெல்லாம் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். அந்த அலுப்பு அவராக விரும்பி எடுத்துக்கொண்டது. உங்கள் வண்டியில் வருகிறவருடைய அலுப்பை முடிவு செய்வது உங்கள் பட்டியல்.

சரி, என்ன செய்யலாம்? புரட்டாசியில் நான்கைந்து சனிக்கிழமை வருகிறது. ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை மூன்றும் தென்கரையில் இருக்கின்றன. அதற்கு ஒரு சனிக்கிழமை. ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதியின் இரண்டு கோயில்கள் வடகரை. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு சனிக்கிழமை. திருச்செந்தூருக்கு எப்போதுமே தனியாக ஒரு நாள் வேண்டும். வண்டி ஓட்டம் கூடுமே தவிர உங்கள் வருமானம் குறையாது. நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குக் கழிப்பறையும் படுக்க இடமும் உள்ள ஒரு மண்டபம் பிடியுங்கள். அதற்காகத் தலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுப்போம்.

நோட்டீஸில் கோயில் பெயருக்குக் கீழே, எங்கே எவ்வளவு நேரம் நிற்போம், எங்கே ஒதுங்கலாம், மத்தியானம் எங்கே ஓய்வு என்று அச்சடியுங்கள். அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துத் தருவது என் பொறுப்பு.