விற்ற காருக்கு வந்த அபராதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

"காரை வித்தாச்சுன்னு சொன்னியே, அப்புறம் உனக்கு எதுக்கு ஃபைன் வருது?" என்று போனில் கேட்டீர்கள். நான் ஒன்று சொல்ல, பக்கத்திலிருந்து உங்கள் மாப்பிள்ளை வேறொன்று சொல்ல, கடைசியில் நாங்கள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டோம் என்று நீங்கள் பயந்ததுதான் மிச்சம். வம்பெல்லாம் இல்லை. ஆனால் நீங்களும் ஸ்கூட்டரைத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னீர்களே, அதனால் முழுக் கதையையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் காரை ஏன் விற்றோம் என்றால், அது பழைய டீசல் வண்டி. பர்மிங்ஹாம் நகரத்தின் நடுப்பகுதியில் 2021 ஜூன் முதல் புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் உண்டு. யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழே உள்ள டீசல் கார் உள்ளே ஓடினால் ஒரு நாளைக்கு 8 பவுண்டு. நள்ளிரவில் நாள் மாறிவிடும். உங்கள் மாப்பிள்ளை இரவு வேலை முடித்து 12 மணி தாண்டி வெளியே வந்தால் இரண்டு நாள் கணக்கு. டோல்கேட் மாதிரி யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கம்பத்தில் இருக்கும் கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், நாமாகப் போய் இணையத்தில் கட்டவேண்டும், மறந்தால் 120 பவுண்டு. இந்த ஊரில் வண்டி என்றாலே அதன் நம்பர்தான். யார் ஓட்டினார்கள், முகம் எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை.

அந்த நம்பர் பிளேட் வண்டியோடேயே போய்விடும். அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். ஆகவே அந்த நம்பருக்கு எதிரே யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்தப் பதிவேடு டி.வி.எல்.ஏ. என்ற அரசு நிறுவனத்திடம், வேல்ஸில் ஸ்வான்சி என்ற ஊரில் இருக்கிறது. நம் ஆர்.சி. புத்தகம் போல இங்கே வி5சி என்று ஒரு தாள் தருகிறார்கள். அதன் மேலேயே "இது உரிமைக்குச் சான்று அல்ல" என்று அச்சடித்திருக்கும்! முதல்முறை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், இவன் இது உன்னுடையது என்று சொல்லமாட்டேன் என்கிறானே என்று. அதில் இருப்பது வண்டியை வைத்திருப்பவரின் பெயர், அவ்வளவுதான். காசு போட்டது மாமனாராக இருக்கலாம், ஓட்டுவது மகனாக இருக்கலாம். அபராதமும் வரி நோட்டீசும் தாளில் இருக்கும் பெயருக்குத்தான் வரும்.

வாங்கியது ஒரு கல்லூரி மாணவன். நகரத்துக்கு வெளியே குடியிருப்பவன், அதனால் டீசலைப் பற்றிக் கவலையில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் வந்தான். பணம் வங்கியில் ஏறியதும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். இங்கே அப்படி முடியாது. எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே போனில் முதலில் இன்சூரன்ஸ் எடுத்தான். அப்புறம் வி5சியிலிருந்து நான் கிழித்துக் கொடுத்த பச்சைச் சீட்டில் உள்ள 12 இலக்க எண்ணைப் போட்டுச் சாலை வரி கட்டினான். முன்பெல்லாம் மிச்ச மாத வரியும் வண்டியோடு போகுமாம். 2014 அக்டோபரிலிருந்து அது கிடையாது. விற்பவருக்கு முழுதாக மிச்சமிருக்கும் மாதங்களுக்கு மட்டும் பணம் திரும்ப வரும், வாங்குபவர் அந்த மாதத்தின் தொடக்கத்திலிருந்தே கட்டவேண்டும். விற்ற மாதத்துக்கு ஒரே வண்டிக்கு இரண்டு பேரிடம் வரி. வெள்ளைக்காரனுக்குக் கணக்கு சொல்லியா கொடுக்கணும்!

அதே நேரத்தில் நான் என் போனில், வி5சியில் உள்ள 11 இலக்க எண்ணைப் போட்டு, "இன்னாருக்கு விற்றுவிட்டேன்" என்று டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்தேன். இதைச் செய்யாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். உடனே மின்னஞ்சல் வந்தது, கொஞ்ச நாளில் தபாலிலும் கடிதம் வந்தது: இந்தத் தேதியிலிருந்து வண்டி உங்கள் பொறுப்பில் இல்லை என்று.

கவனியுங்கள், தேதிதான். மணி கிடையாது.

இதை முன்கூட்டியே யோசித்தவர் உங்கள் மாப்பிள்ளை. ரசீது இரண்டு பிரதி எழுதினோம். வண்டி நம்பர், ஓடிய மைல், விலை, இருக்கிற நிலையில் பார்த்து வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி, இருவர் பெயர், முகவரி, கையெழுத்து. கடைசியில் இவர், "தேதிக்குப் பக்கத்தில் மணியும் போடு" என்றார். "ஜாதகமா எழுதறோம், நேரம் போட?" என்று கேலி செய்தேன். சரி என்று 11.40 என்று எழுதி, அந்தப் பையனும் அதன் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டான். இப்போது இவர் அந்தப் பிரதியை பிரேம் போட்டு மாட்டாத குறைதான்.

அடுத்த மாதக் கடைசியில் ஜன்னல் வைத்த பழுப்பு உறை ஒன்று வந்தது. இங்கே பழுப்பு உறை வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், நல்ல சேதி எதுவும் அதில் வந்து நான் பார்த்ததில்லை. பிரித்தால், எங்கள் பழைய காரை, வண்டி நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்தியதற்காக 70 பவுண்டு கட்டு என்று ஒரு நகராட்சியிலிருந்து நோட்டீஸ். தேதி, நாங்கள் விற்ற அதே சனிக்கிழமை. நேரம், மாலை நாலேகால்.

இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவே ஒரு ராத்திரி ஆயிற்று. அபராதச் சீட்டை முதலில் கண்ணாடியில்தான் ஒட்டிவிட்டுப் போவார்கள். 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 35 பவுண்டு. 28 நாளாகியும் யாரும் கட்டவில்லை என்றால்தான் நகராட்சி ஸ்வான்சிக்கு எழுதி, அன்றைக்கு வண்டி யார் பேரில் இருந்தது என்று கேட்டு, அந்த ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பும். அன்றைய தேதியில் காலையில் நான், மதியம் அவன். அவர்கள் கையில் வந்தது என் பெயர். கண்ணாடியில் ஒட்டிய சீட்டையும் நான் பார்க்கவில்லை, பாதிச் சலுகைக் காலமும் எனக்குத் தெரியாமலே ஓடிவிட்டது.

நோட்டீஸ் எண்ணைப் போட்டால் நகராட்சித் தளத்தில், சீட்டு ஒட்டிய பார்க்கிங் வார்டன் எடுத்த படங்களையே பார்க்கலாம். பார்த்தேன். மஞ்சள் கோடு, அறிவிப்புப் பலகை, கண்ணாடியில் மஞ்சள் பை. பின்பக்க ஜன்னலில் உங்கள் பேரன் ஒட்டிய பச்சை டைனோசர் ஸ்டிக்கர், வால் பாதி பிய்ந்தபடி அப்படியே இருக்கிறது. நம் வண்டிதான், சந்தேகமில்லை.

அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். "அக்கா மாதிரி நினைச்சுக்கறேன், மன்னிச்சிடுங்க, நான் கட்டிடறேன்" என்கிற தொனியில் இங்கிலீஷில் பேசினான். கெட்ட பையன் இல்லை. உங்கள் மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் கட்டுவான்னு நாம சும்மா இருந்து, அவன் கட்டலைன்னா?" என்றார். நாங்களே கட்டிவிட்டு அவனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை எனக்கு இருந்தது. அது அதைவிட மோசம். பணம் கட்டினால் வழக்கு முடிந்தது, அப்புறம் நான் அன்று வைத்திருக்கவில்லை என்று வாதாட வழியே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறதென்றால், பதிவேட்டில் இருப்பவர்தான் வண்டியை வைத்திருந்தவர் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது நம் வேலை. நோட்டீசோடு வரும் படிவத்தில் காரணங்கள் வரிசையாக இருக்கும், அதில் ஒன்று "அந்தச் சம்பவத்துக்கு முன்பே வண்டி என் கையை விட்டுப் போய்விட்டது" என்பது. 28 நாளுக்குள் அனுப்பவேண்டும். வாங்கியவரின் பெயரும் முகவரியும் தெரிந்தால் அதையும் எழுதவேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மனசு உறுத்தியது. காட்டிக்கொடுப்பது போலத் தோன்றியது. ஆனால் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டால் நம் விளக்கமே அரைகுறையாகிவிடும். அவனிடமே சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். ரசீதின் நகல், பணம் வங்கியில் ஏறிய நேரம் தெரியும் பக்கம், டி.வி.எல்.ஏ. மின்னஞ்சல், மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். கதை எதுவும் எழுதவில்லை. "வண்டி 11.40க்குக் கைமாறியது, உங்கள் படத்தில் நேரம் மாலை 4.15" என்று இரண்டு வரி.

எதற்கு இவ்வளவு அவசரம் என்றால், பேசாமல் இருந்தால் நிலைமை முற்றிக்கொண்டே போகும். முதலில் பாதித் தொகை கூடி 70 என்பது 105 ஆகும். அப்புறம் நார்தாம்ப்டனில் இதற்கென்றே இருக்கும் நீதிமன்றப் பிரிவில் கடனாகப் பதிவாகும். அப்புறம் ஜப்தி ஆட்கள் வாசலுக்கு வருவார்கள், அவர்களுக்கான கட்டணமும் நம் தலையில். நார்தாம்ப்டன் வரை போய்விட்டால், அங்கே தரும் படிவத்தில் "வண்டியை விற்றுவிட்டேன்" என்று ஒரு காரணமே கிடையாது. நோட்டீஸ் வரவில்லை, எதிர்ப்புத் தெரிவித்தும் பதில் வரவில்லை, ஏற்கெனவே கட்டிவிட்டேன், இந்த மாதிரிதான் இருக்கும். வீடு மாறிப்போன நம் ஆட்கள் சிலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய், கதவைத் தட்டும்போதுதான் சேதியே தெரிகிறது.

நகராட்சி 56 நாளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும், சொல்லாவிட்டால் நாம் சொன்னதை ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. மறுத்தாலும் லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு டிராஃபிக் பெனால்டி ட்ரிப்யூனல் என்று தனி அமைப்பு இருக்கிறது, கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை போகவில்லை. நோட்டீசை ரத்து செய்துவிட்டோம் என்று இரண்டு வாரத்துக்குள் ஒரு கடிதம் வந்தது. பழுப்பு இல்லை, வெள்ளை உறை!

ஒரு போலீஸ்காரரையும் பார்க்கவில்லை, யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை, தெரிந்தவர் மூலம் சொல்லச் சொல்லவும் இல்லை. என்னைப் பார்த்தே இராத ஒரு குமாஸ்தா மூன்று தாளைப் படித்துவிட்டு முடிவு செய்திருக்கிறார். முதலில் வந்தபோது, எதற்கெடுத்தாலும் கடிதம், எதற்கெடுத்தாலும் படிவம் என்று எனக்கு இந்த ஊர்மேல் எரிச்சலாக இருக்கும். இப்போது அவ்வளவு இல்லை. ஆனால் இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ஒரு வயசானவர் வீட்டுக்கு இந்த நோட்டீஸ் போயிருந்தால் 70 பவுண்டைப் பேசாமல் கட்டியிருப்பார், அதையும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதே சாயங்காலம் பையன் ஒரு கடை வளாகத்திலும் நேரம் தாண்டி நிறுத்தியிருக்கிறான். அது தனியார் நிறுவனம், 100 பவுண்டு கேட்கிறார்கள், சீக்கிரம் கட்டினால் 60. பார்ப்பதற்கு அரசு நோட்டீஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது அபராதம் அல்ல, ஒப்பந்தப்படி கேட்கும் கட்டணம். வண்டி வைத்திருப்பவரிடம் அதைக் கேட்கவேண்டுமானால் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைகள் இருக்கின்றன. கேமரா மட்டும் பார்த்துப் போட்டதாக இருந்தால் 14 நாளுக்குள் நோட்டீஸ் கையில் கிடைத்திருக்கவேண்டும். எங்களுக்கு அதற்கெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதே மூன்று தாள்களை அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

இப்போது உங்கள் ஸ்கூட்டர் விஷயம். புரோக்கர் "படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க சார், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம் சித்தப்பா. படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை உங்கள் கண்ணெதிரே எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டியது விற்பவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே இது வெறும் பார்க்கிங் காசோடு போகாது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இ-சலான் குறுஞ்செய்தியும் உங்கள் போனுக்குத்தான் வரும். விற்று ஒரு மாதம் கழித்து அரசின் பரிவாகன் தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரசீதில் மணியும் போடுங்கள். புரோக்கர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பாட்டிக்கு என் நமஸ்காரம். தனியார்காரர்கள் என்ன பதில் போட்டார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்