ஊசி, நூல், பட்டன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வைரக் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸ் டிரெயினிங்கில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாபாரிகள் கூட்டத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் இதே கதையைத் தன் சொந்தச் சரக்கு போலச் சொன்னார். கை வலிக்கக் கைதட்டினோம். அலி ஹஃபெத் என்கிற விவசாயி நிலத்தை விற்றுவிட்டு வைரம் தேடி அலைந்து, கடைசியில் கடலில் விழுந்து சாகிறான். வைரமோ அவன் விற்ற நிலத்திலேயே கிடைக்கிறது.

இதைப் பரப்பியவர் யார் தெரியுமா? பிலடெல்பியாவில் நீ தினமும் பஸ்ஸில் கடந்து போகிறாயே டெம்பிள் பல்கலைக்கழகம், அதன் வளாகத்துக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். ரஸ்ஸல் கான்வெல், பாப்டிஸ்ட் போதகர். 1870-ல் டைகிரிஸ் நதிப் பக்கம் பயணம் போனபோது ஒரு வழிகாட்டி சொன்ன கதை என்பார். கதையில் விவசாயி இருப்பது சிந்து நதிப் பக்கம், கிடைப்பது கிருஷ்ணா நதிப் பக்கத்துக் கோல்கொண்டா வைரம். சிந்து எங்கே, கிருஷ்ணா எங்கே! வழிகாட்டிகள் அப்படித்தான். ஆனால் இந்தக் கதை வரும் அந்த ஒரு சொற்பொழிவை அவர் ஆறாயிரம் தடவைக்கு மேல் பேசியிருக்கிறார். நான் ஒரே கதையை இரண்டாம் தடவை ஆரம்பித்தாலே உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எனக்கு அதில் பிடித்தது வைரம் அல்ல, ஸ்டூவர்ட் என்கிற நியூயார்க் வியாபாரியைப் பற்றி அவர் சொன்ன பகுதி. ஸ்டூவர்ட்டின் கைமுதல் ஒன்றரை டாலர். அதில் எண்பத்தேழரை சென்ட்டுக்கு ஊசி, நூல், பட்டன் வாங்கினார், சீந்துவாரில்லை. அப்புறம் வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த அறுபத்திரண்டரை சென்ட்டுக்கு அதை மட்டும் வாங்கினாராம். பின்னால் பெரிய கோடீஸ்வரர். ஊசி நூல் பட்டன் என்றதும் நம் ஃபேன்சி ஸ்டோர்தானே நினைவுக்கு வரும்? நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கடையை வைத்துக்கொண்டு, தீபாவளிக்குப் பிளாஸ்டிக் பூச்சரம் வாங்கிக் குவித்தவன் உன் அப்பன். மல்லிகை கூடை கூடையாக இறங்கும் ஊரில்! நீ அப்போது மூன்றாம் வகுப்பு. நாலு வருஷம் பரணில் கிடந்தது.

சரி, மனிதரிடம் எனக்குச் சண்டையும் உண்டு. பணக்காரராவது உங்கள் கடமை என்றார். நேர்மையாகச் சம்பாதிப்பதே நற்செய்தி சொல்வதுதான் என்றார். அது போகட்டும். பரிதாபப்பட வேண்டிய ஏழைகள் மிகக் குறைவு, வறுமைக்கு அவரவர் குறையோ அடுத்தவர் குறையோதான் காரணம் என்றும் பேசினார். மழை பொய்த்த வருஷம் உன் தாத்தா மாட்டை விற்றாரே, அது யார் குறை? போதகர் வாயிலிருந்து இது வந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் செய்தது வேறாக இருந்தது. 1884-ல் ஓர் இளைஞன், அச்சுத் தொழிலாளி, படிக்க ஆசை, பணமில்லை என்று வந்து நின்றான். சாயங்காலம் வா, நான் சொல்லித் தருகிறேன் என்றார். சொன்ன நாளில் ஏழு பேர் வந்தார்கள். 1888-ல் அந்த வகுப்பே டெம்பிள் கல்லூரி ஆனது, 1907-ல் பல்கலைக்கழகம். பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் படித்தவர்களால் வளர்ந்த இடம் என்பதால்தான் அங்கே ஆந்தைச் சின்னம். நம்மூரில் ஆந்தை அலறினாலே கல்லெடுப்போம்! சொற்பொழிவில் வந்த பணத்தையும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே கொடுத்தார்.

வைரக் கதையைச் சொல்லி உன்னை ஊருக்கு இழுக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. கொல்லையில் தோண்டு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் கொல்லையில் இருக்கவில்லை. 1843-ல் மாசச்சூசெட்ஸில் விவசாயி வீட்டில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனார், மினியாபொலிஸில் வக்கீலாக இருந்தார், பாஸ்டனுக்கு மாறினார். உன் பிலடெல்பியாவுக்கு வரும்போது வயது 39. அதற்கப்புறம்தான் அசையவில்லை, 1925 டிசம்பரில் சாகும்வரை. நீ மூன்று வருஷத்தில் மூன்று வேலை மாறியதைப் பற்றி அம்மா புலம்பும்போது இதைத்தான் அவளிடம் சொன்னேன். 39-க்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்றேன். முறைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அடக்கமாகியிருக்கும் தோட்டத்துக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அடுத்த பார்சலில் என்ன வைக்க வேண்டும் என்றும் எழுது. போன தடவை நாங்களாக அனுப்பிய மோர் மிளகாய் இன்னும் பிரிக்காமல் இருப்பதை வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா