செயற்கை மொழிகளின் ஒலிகளும் மாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் செயற்கை மொழிகளை (தனி ஒருவர் திட்டமிட்டு ஆக்கிய மொழிகளை) பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அரிதாகவே எழுதப்படும் ஒரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆயினும், இயற்கை மொழிகளின் ஒலிகள் காலந்தோறும் மாறும் என்றும், செயற்கை மொழிகளோ ஆக்கியவர் எழுதிவைத்த நாளில் ஒலித்தவாறே என்றென்றும் ஒலிக்கும் என்றும் அக்கட்டுரை கூறி முடித்திருப்பது சரியன்று. அத்தகைய மொழிகளில் ஒலி மாற்றம் உண்டு. அதுவும் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வழிகளில் உண்டு. வரலாற்று மொழியியலைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவன் என்ற முறையில் அவற்றை விளக்க விரும்புகிறேன்.

முதலில், ஒலி மாற்றம் என்பது மனம்போன போக்கில் நிகழும் சிதைவு அன்று. தமிழின் பால், பல், பத்து, புலி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என்று வழங்குகின்றன. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. பின்னர் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாயிற்று. யாரும் கூடித் தீர்மானிக்காமலேயே ஒரு மாற்றம் சொற்கள்தோறும் பரவியது. சில மாற்றங்களுக்கு நிபந்தனையும் உண்டு. கன்னடத்தின் 'கிவி' தமிழில் 'செவி'. பழங்கன்னடத்தின் 'கெய்' தமிழில் 'செய்'. இகர எகர உயிர்களுக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று என்று கொண்டால், கிளி, கேள், கீழ், கெடு, கிழங்கு என்பவை ஏன் சகரமாகவில்லை என்ற கேள்வி எழும். விடை அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ட, ள, ழ போன்ற நாவளை ஒலி அடுத்து வந்த இடங்களில் மாற்றம் தடைபட்டது. விதிவிலக்கு என்று நாம் எண்ணுவதும் விதிக்குள் அடங்கிவிடுகிறது. ஹெர்மன் ஓஸ்ட்ஹோஃப், கார்ல் புரூக்மன் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் 1878இல், ஒலிவிதிகளுக்கு விலக்கில்லை என்று துணிந்து அறிவித்தது இத்தகைய சான்றுகளின் வலிமையால்தான்.

நிபந்தனையைப் போலவே வரிசையும் முக்கியம். பேச்சுத்தமிழில் கடித்து என்பது 'கடிச்சு' ஆகிறது. விற்று என்பது 'வித்து' ஆகிறது. இரண்டிலும் இகரத்திற்குப் பின் இரட்டைத் தகரம் வருவதாகத் தோன்றினாலும், யாரும் 'விச்சு' என்று சொல்வதில்லை. வினையெச்சங்களில் இகரத்திற்குப் பின் நின்ற 'த்து' என்பது 'ச்சு' ஆன மாற்றம் முதலில் நிகழ்ந்து முடிந்துவிட்டது. 'ற்று' என்பது 'த்து' ஆனது அதற்குப் பிறகே. பின்னால் வந்த தகரத்திற்கு முன்னால் ஓடி முடிந்த விதி பொருந்தவில்லை. 'வைத்து' என்பது 'வச்சு' ஆனதிலும் இதே கணக்கு உண்டு. ஐகாரம் இருந்தபோதே தகரம் சகரமாயிற்று. ஐகாரம் அகரமாகக் குறுகியது பிறகு. முன்பின் மாறியிருந்தால் இன்று நாம் 'வத்து' என்று சொல்லிக்கொண்டிருப்போம். எழுத்துச் சான்று ஒன்றுகூட இல்லாவிட்டாலும், இன்றைய சொற்களைக் கொண்டே எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம்.

இதை அறிந்தே மொழி ஆக்கியவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் 1959 வரை பேராசிரியராக இருந்த ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தம் கதைமாந்தருக்காகக் குவென்யா, சிந்தாரின் என்னும் இரு மொழிகளைப் படைத்தபோது, அவற்றை நேரடியாக எழுதத் தொடங்கவில்லை. இரண்டிற்கும் பொதுவான ஒரு மூலமொழியைக் கற்பித்து, அதிலிருந்து இரண்டு வெவ்வேறு ஒலிவிதித் தொகுதிகளின் வழியாக இரு மொழிகளையும் இறக்கினார். மரத்தைக் குறிக்கும் மூலச் சொல் ஏறத்தாழ 'கலதா'; இதன் முதல் ககரத்தைக் கங்கையின் இரண்டாம் ககரம்போல ஒலிக்க வேண்டும். குவென்யாவில் முதல் மெய்யும் இடை உயிரும் மறைய 'அல்தா' என்றாயிற்று. சிந்தாரினில் முதல் மெய் நிலைத்தது. இறுதி உயிர் கெட்டது. இடையில் நின்ற மெய், 'அது' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் தகரம்போல் மெலிந்து, 'கலத்' என்று முடிந்தது. இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு உறவு உடனே தெரியாது. நூறு சொற்களை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹாலும் பாலும் போலத்தான்.

ஒலி மாற்றம் மனிதர்களுக்கு இடையே பகையாகவும் முடியலாம் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. குவென்யாவில், ஆங்கிலத்தின் 'திரீ' என்ற எண்ணுப்பெயரின் முதலொலி போன்ற ஓர் உரசொலி ஒரு காலத்தில் சகரமாக மாறியதாக அவர் அமைத்தார். ஃபெயனோர் என்னும் பாத்திரம் மட்டும் அதை ஏற்க மறுக்கிறது. ஏனெனில், அவன் தாயின் சிறப்புப்பெயர் 'தெரிந்தே' (தையற்கலையில் வல்லவள் என்று பொருள்); ஊரார் அதைச் 'செரிந்தே' என்று சொல்வது தாயை இழிவுசெய்வதாக அவனுக்குப் படுகிறது. அவன் வழிவந்தோர் பழைய ஒலியைப் பிடிவாதமாகக் காக்க, மற்றோர் புதிய ஒலியோடு போக, ஒரே ஓர் ஒலி கட்சி அடையாளமாகிவிடுகிறது. தமிழில் ழகரத்தை ஒட்டி நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

பின்னாளில் டேவிட் பீட்டர்சன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக உயர்வலீரிய மொழியையும், அதிலிருந்து திரிந்து கிளைத்ததாகக் கொள்ளப்படும் பேச்சுவழக்கு ஒன்றையும் ஆக்கியபோது இதே நெறியைப் பின்பற்றினார். ஸ்டார் ட்ரெக் திரைப்படங்களுக்காக மார்க் ஒக்ராண்ட் ஆக்கிய கிளிங்கன் மொழி இதற்கு எதிர்முனை. அம்மொழியின் டகரம் நாவை வளைத்து ஒலிப்பது. அதற்கு இணையாக வரவேண்டிய, குரல்நாண் அதிர்வில்லாத வல்லினமோ நாவை வளைக்காமல் ஒலிப்பது. இயற்கை மொழிகள் பெரும்பாலும் இணைகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும். மனிதர் அல்லாதவரின் மொழி என்பதற்காகவே ஒக்ராண்ட் அந்த ஒழுங்கைக் கலைத்தார்.

இதுவரை சொன்னவை ஆக்கியவரே எழுதிக்கொண்ட கற்பனை வரலாறுகள். மெய்யாகவே மக்கள் பேசிய செயற்கை மொழியின் கதை வேறு. தங்கள் கட்டுரை தவறியதும் இங்கேதான்.

கண் மருத்துவரான லுட்விக் சாமென்ஹாஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் 28 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. அவற்றுள் ஒன்று, வாயின் பின்புறத்தில் காற்றை உரசி எழுப்பும் ஒலி. நம் ஆய்தத்தின் பழைய ஒலி இதை ஒத்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆகவே வசதிக்காக அதனை இங்கு 'ஃக' என்று எழுதுகிறேன். பல மொழியினருக்கு வராத ஒலி இது. சாமென்ஹாஃப் காலத்தில் வேதியியலுக்கு 'ஃகெமியோ' என்றிருந்த சொல் இன்று பெரும்பாலோர் வாயிலும் எழுத்திலும் 'கெமியோ'. இயந்திரவியல், கட்டடக்கலை, முடியரசர் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் அந்த உரசொலி போய்க் ககரம் வந்துவிட்டது. சீனரைக் குறித்த 'ஃகீனோ' மட்டும் வேறு திசையில் திரும்பிச் 'சீனோ' ஆயிற்று. மாறாத மொழி என்று சொல்லப்பட்ட ஒன்றில், ஒரு நூற்றாண்டுக்குள், ஓர் ஒலி ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

ஆனால் எல்லாச் சொற்களிலும் ஒழியவில்லை. எதிரொலியைக் குறிக்கும் 'எஃகோ' இன்றும் இருக்கிறது. ஏனெனில் உரசொலியை நீக்கினால் 'எகோ' என்றாகித் தொடக்கம் என்று பொருள்பட்டுவிடும். செக் இனத்தவரைக் குறிக்கும் 'செஃகோ' நிற்கிறது. 'செகோ' என்றால் காசோலை. பாடகர் குழுவைக் குறிக்கும் 'ஃகோரோ' என்ற சொல்லின் நிலை இன்னும் இக்கட்டானது. ககரமாக்கினால் இதயம், ஹகரமாக்கினால் ஒரு மணி நேரம். ஆகவே சிலர் அந்த ஒலியைத் திருத்துவதை விட்டுவிட்டு, 'கோரூசோ' என்று வேறொரு சொல்லையே கொண்டுவந்தார்கள்.

டோல்கீனின் மொழிகளிலோ கன்னடத்திலோ காணும் ஒலிவிதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விதி சொற்பொருளைப் பார்க்காது. இரண்டு சொற்கள் ஒன்றாகிக் குழப்பம் விளையுமே என்று தயங்காது. எஸ்பெராண்டோவின் உரசொலி ஒவ்வொரு சொல்லாக, பேசுவோரின் விருப்பத்தின்படி, பொருட்குழப்பம் நேராத இடம் பார்த்து விலகியிருக்கிறது. இதற்குக் காரணம் எழுத்து என்பது என் கருத்து. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற அமைப்பில் ஒலியை மாற்றினால் எழுத்தும் மாறியாக வேண்டும். எழுத்தை மாற்றுவதென்றால் ஒருவர் அறிந்தே செய்ய வேண்டும். மேலும், 1905இல் எஸ்பெராண்டோவின் இலக்கணமும் சொற்களும் அடங்கிய அடிப்படை நூலை எவரும் தொடக்கூடாதென்று வகுத்தபோது, புதுவடிவத்தைப் பழைய வடிவத்தின் அருகில் வைத்து வழங்கலாம், பழையது தானே வழக்கொழியட்டும் என்று சாமென்ஹாஃப் அதன் முன்னுரையில் வழிவிட்டிருந்தார். அதனால் ஃகெமியோவும் கெமியோவும் நெடுங்காலம் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. நம் இலக்கணிகள் இதைப் போலி என்று கூறி, பந்தலையும் பந்தரையும் ஒன்றாக வைத்திருப்பார்கள்.

எழுத்து கண்காணிக்காத இடங்களில் கதை மாறுகிறது. எஸ்பெராண்டோவில் எட்டு 'ஒக்', பத்து 'தெக்', எண்பது 'ஒக்தெக்'. எழுதியபடி ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே ஒலிக்க வேண்டும் என்பது பாடநூல் நெறி. விரைந்து பேசுவோரின் வாயிலோ, 'தெக்' என்பதன் தகரத்தின் குரல்நாண் அதிர்வு முன்னே தாவி, 'ஒக்' என்பதன் ககரத்தையும் கங்கையின் இரண்டாம் ககரம்போல் ஆக்கிவிடுகிறது. ககரத்திற்கு முன் நிற்கும் னகரம் ஙகரமாகிவிடுகிறது. இவற்றை யாரும் தீர்மானிக்கவில்லை. எழுத்தில் காட்டுவதும் இல்லை. ஆனால் ஒத்த சூழல் வரும் இடமெல்லாம் நிகழ்கின்றன. ஒலிவிதியின் முளை இதுதான். பிறப்பிலிருந்தே எஸ்பெராண்டோ பேசி வளர்ந்தவர்களை ஆராய்ந்து 2001இல் பெஞ்சமின் பெர்கன் எழுதிய கட்டுரையிலும், அவர்கள் பேச்சில் ஒலிகள் குறுகுவதும், செயப்படுபொருள் உருபான னகரம் தளர்வதும் பதிவாகியுள்ளன. அத்தகையோர் உலகில் சொற்பமே. பெரும்பாலோர் வளர்ந்தபின் நூலிலிருந்து கற்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் பழைய எழுத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒலி மாற்றம் இங்கே மெதுவாக நடப்பதற்குக் காரணம் மொழி செயற்கையானது என்பதன்று; தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் சங்கிலி மெலிந்திருப்பதே.

வோலாபூக் என்னும் மற்றொரு செயற்கை மொழியையும் கட்டுரையாளர் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம். ஜெர்மானியப் பாதிரியார் யோஹான் மார்ட்டின் ஷ்லையர், சீனருக்குக் கடினம் என்று கருதி, ரகரத்தைப் பெரும்பாலும் ஒதுக்கியே 1879-80இல் அதனை ஆக்கினார். 1931இல் அரி டெ யோங் அம்மொழியைச் சீர்திருத்தியபோது ரகரம் திரும்பி வந்தது. ஒலி ஆணையால் போய், ஆணையால் மீண்டது. இயற்கை மொழியில் இப்படி நடந்து நான் கண்டதில்லை.

இன்னொரு வேடிக்கையும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய மொழியியலாளர் ஆகஸ்ட் ஷ்லைகர் 1868இல், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் முதலிய இந்தோ ஐரோப்பிய மொழிகளின் மூலமொழியை மீட்டெடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில், அதிலேயே ஒரு செம்மறியாட்டுக் கதையை எழுதினார். ஆட்டுக்கு அவர் எழுதிய சொல் 'அவிஸ்'. வடமொழியின் அகரமே பழமையானது என்பது அன்றைய எண்ணம். அந்த அகரத்தில் பழைய அ, எ, ஒ மூன்றும் கலந்துவிட்டன என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. ஹெர்மன் ஹிர்ட் அதே கதையைத் திருத்தி எழுதிய வடிவம் 1939இல் வெளிவந்தபோது ஆடு 'ஒவிஸ்' ஆகிவிட்டது. ஒருவரும் பேசாத மொழி, அறிஞர்களின் மேசையிலேயே உயிரொலி மாறிற்று.

ஆகவே கட்டுரையின் அந்த இறுதி வாக்கியத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்தொடர் மேலும் வரவிருக்குமானால், எஸ்பெராண்டோவின் பழைய அகராதி ஒன்றையும் புதிய அகராதி ஒன்றையும் எடுத்து, அந்த உரசொலியில் தொடங்கும் சொற்களின் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கட்டுரையாளரை அன்போடு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்