பத்து நிமிடமும் ஒரு கண்ணாடியும்: அதிபர் அவர்களுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், ஒழுக்காற்றுக் குழு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பாடசாலை வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். காலைக் கூட்டம் முடியும்வரை விறாந்தையில் நிறுத்திவைத்த ஐந்து பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. தலை ஒழுங்காக இல்லை என்பதுதான் அவள் செய்த குற்றம்.

அவள் இதை வீட்டில் சொல்லவே இல்லை. அவளுடைய சைக்கிள் ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

நம் பக்கத்து ஈரம் எப்படியென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் கொடியில் போட்ட துணி மூன்று நாள் போனாலும் காயாது. அதனால் மகள் பின்னேரம் வந்ததும் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துண்டுகளைக் கழற்றி, அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் கம்பியில் போடுவது என் வேலை. நெற்றிப் பக்கத்துத் துண்டு எப்போதும் வியர்வையில் ஊறிக் கனமாக இருக்கும். புதன்கிழமை கழற்றினேன், காய்ந்திருந்தது. வியாழக்கிழமையும் காய்ந்திருந்தது. அந்த இரண்டு நாளும் விடாத மழை. பிள்ளையின் பின்னல் இரண்டும் நனைந்து கயிறு மாதிரித் தொங்குகின்றன, ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கேட்டதும் அழுதுவிட்டாள். "ஹெல்மெட் போட்டா தல கலைஞ்சிருதும்மா. கலைஞ்சா வெளிய நிக்கணும். பேக்குல வெச்சிக்கிட்டுத்தான் போறேன்."

அதிபர் அவர்களே, அந்த ரோட்டில் நீங்களும் வந்து போயிருக்கிறீர்கள். எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் ஒன்றரைக் கிலோமீட்டரும் சல்லி பெயர்ந்த பாதை. அப்புறம் டவுன் வரைக்கும் மூன்று கிலோமீட்டர் இறக்கம். காலை ஆறே முக்காலுக்குப் பனி இறங்கினால் முன்னால் வரும் பஸ்ஸின் லைட் கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். மழையில் பிரேக் கட்டை வழுக்கும். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி ஏழு உயிர் போனதையும், 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் போனதையும் இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வளைவுகளில் என் பிள்ளை இரண்டு நாள் வெறுந்தலையோடு இறங்கியிருக்கிறாள். வாசலில் தலை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக.

நான் கேட்பது சின்ன விசயம். சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு வாசல் தாண்டிய பிறகு பத்து நிமிடம் கொடுங்கள். பெண் பிள்ளைகள் தலை சீவிக்கொள்ள ஓர் இடமும், அங்கே ஒரு கண்ணாடியும் வையுங்கள். தலையை அதற்குப் பிறகு பாருங்கள்.

அவள் ஏன் சைக்கிளில் வருகிறாள் என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. உங்கள் பாடசாலையில் இருக்கிறது. பஸ் வந்தால் பஸ்ஸில் வருவாள், ஆனால் எங்கள் சந்திக்கு வரும்போதே அது நிறைந்திருக்கும். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் பல நாள் நிறுத்தாமலே போய்விடும். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டுகொண்டே போனதும், ஜூலையில் பாடசாலைகளையே மூடியதும் நினைவிருக்கும். திறந்த பிறகும் பஸ் சரியாக ஓடவில்லை. அந்த நேரம் அவளுடைய அப்பா பழைய லுமாலா சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கி, செயின் மாற்றிக் கொடுத்தார். அதில்தான் சாதாரண தரம் முடித்தாள். ஹெல்மெட் வாங்கியது பிறகு, நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த காலத்தில். விலை 4,200 ரூபாய். அவர் மூன்று நாள் முழுப் பேர் போட்டு, அதாவது முழு நாள் வேலை செய்து, சம்பளம் எடுத்தாலும் அந்தக் காசுக்குப் போதாது. அப்படி வாங்கிய பொருள் இப்போது புத்தகப் பைக்குள் கிடக்கிறது.

இனி தலையைப் பற்றிச் சொல்கிறேன். வாசலில் நின்று தலையைப் பார்க்கும் மாணவத் தலைவர்களுக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது.

காலையில் ஐந்து மணிக்கு நான் அவளுக்குத் தலை சீவிவிடுகிறேன். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை, ஆறரைக்குள் அங்கே இருக்க வேண்டும், அதனால் விளக்கு வெளிச்சத்தில்தான் சீவல். தேங்காய் எண்ணெய் தொட்டு, நடு வகிடு எடுத்து, உங்கள் விதிப்படி காது மட்டத்தில் இரண்டு பின்னலைத் தொடங்கி, மடித்து, வெள்ளை ரிப்பன் காதோரம் விரிந்து நிற்கிற மாதிரிக் கட்டிவிடுவேன். அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துப் பாருங்கள். பட்டி இரண்டு பிரிவாகக் காதுக்கு முன்னாலும் பின்னாலும் இறங்கிக் காதுக்குக் கீழே ஒன்றுசேர்கிறது. ரிப்பன் கட்டியிருக்கும் இடமும் அதுதான். நாடிக்குக் கீழே கொக்கியை மாட்டியதும் ஒரு பக்கத்து ரிப்பன் நசுங்கிவிடும். ஹெல்மெட்டைப் பின்னால் இறுக்கும் திருகு பின்னலின் அடியில் அழுத்தி, கழுத்துப் பக்கத்து முடியை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடும்.

அதற்காக ஹெல்மெட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போடவும் முடியாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு மட்டமாக உட்கார்ந்தால்தான் நெற்றிக்குக் காவல். உள்ளே இருக்கும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை தான் நசுங்கி, மண்டைக்குப் போகிற அடியைக் குறைக்கிறது. சாய்ந்து கிடந்தால் விழும்போது நெற்றிதான் முதலில் ரோட்டில் படும். பின்னல் மேலே ஏற ஏற ஹெல்மெட் சாயும். ஆக, நீங்கள் கேட்கும் பின்னலும் சரியாகப் போட்ட ஹெல்மெட்டும் ஒரே தலையில் ஒன்றாக இருக்க முடியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. தினமும் காலையில் என் கையால் கட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

உச்சி முடி ஏன் அப்படி அமுங்கிக் கிடக்கிறது என்பதை மகளே எனக்குச் சொல்லித்தந்தாள், உங்கள் பாடசாலையில் படித்ததை வைத்துத்தான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஈரம் பட்டால் அதிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்துவிடும். காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். ஹெல்மெட்டுக்குள் வியர்வையில் நனைந்து, அமுங்கி, அப்படியே காய்கிற முடி வேறு எப்படி இருக்கும்? காற்றுத் துளை இருக்கும் இடத்தில் மேடு, பஞ்சு அழுத்திய இடத்தில் பள்ளம். வெறும் சீப்பை வைத்து இழுத்தால் அது போகாது. விரலைத் தண்ணீரில் நனைத்து, வேரோடு முடியைத் தூக்கிவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டுச் சீவ வேண்டும். அதனால்தான் நேரம் கேட்கிறேன்.

எவ்வளவு நேரம் என்றும் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளை ஹெல்மெட்டோடு சந்திவரை போய்வரச் சொன்னேன். தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டி அனுப்பினேன். துணி கட்டினால் முடி அவ்வளவு அமுங்குவதில்லை, பஞ்சும் சீக்கிரம் நனைவதில்லை. திரும்பி வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சீவச் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் அவளே பிரித்து, வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி முடிக்க எட்டு நிமிடம். கண்ணாடி இல்லாமல் இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். கால் மணி நேரம் ஆனது, வகிடும் கோணலாகப் போனது.

அவள் தினமும் ஏழு பத்துக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிடுகிறாள். கூட்டம் ஏழரைக்கு. நான் கேட்கும் பத்து நிமிடத்துக்காகப் பாட நேரத்தில் ஒரு நொடியைக்கூட நீங்கள் விட்டுத்தர வேண்டாம். அந்த நேரம் இப்போதே இருக்கிறது. வாசலில் மறிக்காமல் உள்ளே விட்டால் போதும்.

வாசலுக்கு வருமுன்னே எங்கேயாவது நின்று சீவிக்கொண்டு வரலாமே என்று அவளிடம் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கே நின்று? பஸ் ஹோல்டில் ஆண்கள் நிறைந்து நிற்கிறார்கள். மரக்கறிக் கடைக்கு முன்னால் லொறி இறக்குகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை டவுன் சந்தியில், மழையில், எல்லாரும் பார்க்கத் தலையை விரித்துப்போட்டுச் சீவ வேண்டுமா? உங்கள் வீட்டுப் பிள்ளையை அப்படி நிற்க விடுவீர்களா? அவளை நான் அப்படி நிற்க விடமாட்டேன்.

முடியைக் குட்டையாக வெட்டினால் பிரச்சினை தீரும் என்றும் ஒரு யோசனை வந்தது. அவளுக்கு இடுப்புவரை முடி. அதை வெட்டுவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

சைக்கிளில் வரும் ஆண் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. குழாயில் கையை நனைத்துத் தலையைத் தடவினால் முடிந்தது. பெண் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி இப்போது சைக்கிளை விட்டுவிட்டு ஐந்தரைக்கே இருட்டில் நடக்கத் தொடங்குகிறாள். காரணத்தை நான் அவளுடைய அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அதே வாசல்தான்.

வாசலில் மகளை மறித்த மாணவத் தலைவிமேல் எனக்குக் கோபம் இல்லை. ரிப்பனை உருவி என் மகள் கையில் கொடுத்தவள் அவள்தான், ஆனால் அவளும் பிள்ளை. பெரியவர்கள் போட்ட விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விதியை மாற்ற வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "லயத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு தெரியாது" என்று, தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்களைப் பற்றி விறாந்தையில் ஒரு குரல் கேட்டதாக மகள் சொன்னாள். யார் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை. என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிறு மாட்டுகிற இடத்தில், உச்சியில், இரண்டு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து போய்விட்டது. சாகும்வரை அந்த இடத்தில் முளைக்கவில்லை. அப்படிப்பட்ட தலையோடு மலையிலிருந்து இறங்கி, குளித்து, முதலில் என் தலையைச் சிக்கெடுத்துச் சீவிப் பின்னிவிட்டுத்தான் தன் தலையில் சீப்பை வைப்பார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது ஒரு முடி பிசிறி நிற்காது. எங்கள் லயத்தில் பிள்ளையைச் சீவாத தலையோடு வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பைத் தாண்டவிடும் தாய் ஒருத்திகூடக் கிடையாது. ஐந்து மணிக்கு எழுந்து நான் பின்னிவிடும் பின்னலும் ஒழுங்குதான். அது கலைவது, என் பிள்ளை தன் மண்டையைப் பாதுகாத்துக்கொண்டு உங்கள் வகுப்பில் உட்கார வருவதால். அதற்குத் தண்டனை கொடுத்தது சரியில்லை.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடசாலையை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் வரிசையில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போன முதல் பிள்ளை இவள். அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது நீங்கள்தான், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

அதனால் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். சைக்கிளில் வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுங்கள். ஹெல்மெட் போடுகிற பிள்ளை தாழ்வாக ஒற்றைப் பின்னலோடு வர அனுமதியுங்கள். பத்து நிமிடம் கொடுங்கள், ஒரு கண்ணாடி மாட்டுங்கள். ஏழு இருபத்தைந்துக்குப் பிறகு தலை கலைந்திருந்தால் நீங்கள் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன்.

பாடசாலைச் செலவுகள் எனக்கும் தெரியும். கண்ணாடிக்குக் காசு ஒதுக்க வேண்டாம். என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஒன்று வீட்டில் இருக்கிறது, இரண்டடி உயரம், விளிம்பில் கொஞ்சம் ரசம் போயிருக்கிறது, முகம் நன்றாகத் தெரியும். ஹெல்மெட் மாட்ட ஆறு ஆணி அடித்த பலகை ஒன்றையும் அவளுடைய அப்பா செய்துவைத்திருக்கிறார். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவேன். எந்தச் சுவரில் மாட்டலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாடசாலையில் தரம் 12 உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தியின் அம்மா