கோல்டியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பெண்ணிய 'அண்டர்கிரவுண்ட்' காமிக்ஸ் (பெரிய நிறுவனங்களுக்கும் தணிக்கைக்கும் வெளியே வந்த படக்கதைகள்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1970இல் ட்ரினா ராபின்ஸும் பார்பரா மெண்டஸும் கொண்டுவந்த 'இட் எய்ன்ட் மி, பேப்' இதழின் அட்டையைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். வொண்டர் உமனும் பொப்பாயின் ஆலிவும் முஷ்டியை உயர்த்தி நடக்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஓவியர்கள் பெண்ணை வீராங்கனையாக வரைந்தார்கள் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டாரே! உள்ளே புரட்டிப் பார்க்க வேண்டாமா?

நான் பள்ளியில் ஓவியம் கற்பித்தவள். பெண் ஓவியர்களே வரைந்த 'விமன்ஸ் காமிக்ஸ்' (1972 முதல் 1992 வரை 17 இதழ்கள்) முழுத் தொகுப்பை மருமகள் வாங்கி வந்தபோது கதைக்கு முன்னால் கோடுகளைத்தான் பார்த்தேன். ட்ரினாவின் கோடு சுத்தம். அவர் வரையும் பெண்களுக்கு உடுத்தத் தெரியும், நிற்கத் தெரியும். அந்தத் தொகுப்பின் முதல் இதழில் அலின் கொமின்ஸ்கி வரைந்த கோல்டி என்ற பெண்ணுக்கு இரண்டுமே தெரியாது. பெரிய மூக்கு, கட்டத்துக்குக் கட்டம் மாறும் முகம், தன் உடம்பின் மீதே தீராத எரிச்சல். தேர்வுத்தாளாக வந்திருந்தால் தேறாது. ஆனாலும் அந்தக் கோணல் கோட்டை நேராக்கினால் கோல்டி செத்துப்போவாள். அதே இதழில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் கருக்கலைப்பும் கதையாகியிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உரிமையென்று அறிவித்தது 1973 ஜனவரியில்தான்.

ட்ரினாவின் கோட்டுக்கும் அலினின் கோட்டுக்கும் இடையே சண்டையே நடந்தது. கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. பெண்களை உயர்வாகவே காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிடிக்காமல் அலினும் இன்னொரு ஓவியரான டயான் நூமினும் 'விமன்ஸ் காமிக்ஸ்' குழுவிலிருந்து விலகி, 1976இல் 'ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்' என்ற காமிக்ஸை வெளியிட்டார்கள். அதன் அட்டையில் அலின் கழிப்பறையில் உட்கார்ந்து, கையில் கண்ணாடியோடு, தின்ற பண்டத்தின் கலோரியைப் பற்றிக் கவலைப்படுகிறார்! அலினின் துணைவர் காமிக்ஸ் ஓவியர் ராபர்ட் கிரம்ப்; பெண்களை இழிவாக வரைகிறார் என்று ட்ரினா கண்டித்த அதே கிரம்ப். ஆகவே இது வெறும் சொந்தப் பகை என்பாரும் உண்டு. சொந்தப் பகை இருந்திருக்கலாம், அதற்காகப் படத்தைப் பார்க்காமல் விடுவதா? கிரம்ப் மீது ட்ரினா சொன்ன குற்றச்சாட்டை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆண்கள் கேலி செய்வதற்காக வரைந்த அசிங்கமும், ஒரு பெண் தன்னைத் தானே பார்த்து வரைந்த அசிங்கமும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

இனி இது பற்றி எழுதும்போது கோல்டியின் ஒரு பக்கத்தையாவது அச்சிடுங்கள். குடும்பப் பத்திரிகையில் போட முடியாத பக்கங்கள் அந்தத் தொகுப்பில் ஏராளம் என்பது எனக்குத் தெரியும். போடக்கூடியவையும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்