பெண்கள் ஏன் கட்சி தொடங்குவதில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியல் என்றாலும், குடிநீர் கேட்டுக் குடத்தோடு சாலையில் உட்காருவது என்றாலும் எங்கள் டெல்டா ஊர்களில் முன்னால் நிற்பது பெண்கள்தான். தேர்தல் வந்ததும் ஆளுக்கொரு கொடியின் கீழ் பிரிந்துவிடுகிறார்கள். ஒரே வயலில் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்குள்ளும் சாதி, தெரு, கணவரின் கட்சி என்று பிரிவுகள் இருக்கின்றன. தனிக்கட்சி உருவாகாததற்கு இதையே முதல் காரணமாக நினைக்கிறேன். அப்புறம் பணம். மகளிர் குழுக் கடன் தவணைக்கே திணறுகிறவர்கள் தேர்தல் செலவுக்கு எங்கே போவார்கள்?

ஐஸ்லாந்தில் 1983-இல் ‘பெண்கள் பட்டியல்’ என்ற பெண்கள் கட்சி தனியாகப் போட்டியிட்டு நாடாளுமன்றத்தில் 3 இடங்களைப் பிடித்தது. பிறகு மற்ற கட்சிகளும் பெண்களை அதிகமாக நிறுத்தின. ஆகவே தனிக்கட்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால், மணலூர் மணியம்மை பொதுவுடைமைக் கட்சிக்குள் நின்றே இந்த மண்ணின் கூலி விவசாயிகளைத் திரட்டினார்.

2021-இல் தமிழகத்தின் 234 தொகுதிகளில் வென்ற பெண்கள் 12 பேர்தான். உள்ளாட்சியில் பாதி இடம் கிடைத்ததற்குச் சட்டமே காரணம். நன்றாக வேலை செய்த ஊராட்சித் தலைவிகளுக்கு, வெல்லக்கூடிய தொகுதிகளில் கட்சிகள் சீட்டு தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி