பூங்காப் புல்லுக்குத் தேவை ஓர் அளவுகோல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பூங்காக்களிலும் சாலையோரத் திடல்களிலும் உள்ளாட்சி அமைப்புகள் புல்லைச் சரிவர வெட்டுவதில்லை என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். குறை நியாயமானதுதான். ஆனால் அநேகமாக எல்லாக் கடிதமும் ‘இன்னும் அடிக்கடி வெட்ட வேண்டும்’ என்றே முடிகிறது. அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. பொது இடத்துப் புல் பெரும்பாலும் வெட்டாததால் கெடுவதில்லை. வாரக்கணக்கில் விட்டுவிட்டு ஒரேயடியாக மொட்டையடிப்பதால்தான் கெடுகிறது. அந்த வேலை அப்படி நடப்பதற்குக் காரணம் ஒப்பந்தத் தாளிலேயே இருக்கிறது.

‘பதினைந்து நாளுக்கு ஒரு முறை’, ‘ஆண்டுக்கு இத்தனை முறை’ என்றுதான் ஒப்பந்தங்கள் வழக்கமாகப் பேசுகின்றன. புல் நாள்காட்டி பார்த்து வளர்வதில்லை. நல்ல மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் ஆறேழு நாளில் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். வறட்சியில் ஒரு மாதமானாலும் ஒரு விரற்கடை வளராது. ஆனாலும் முறை வந்துவிட்டதே என்று வண்டி வரும், புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும், பில்லும் பாஸாகும்.

ஒரு தடவைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரை வேலையில் பாலபாடம். 5 சென்டிமீட்டரில் வைத்திருக்க வேண்டிய தரையை 7.5 வந்ததும் வெட்ட வேண்டும். புல்லின் வளரும் நுனி மண்ணை ஒட்டி அடியில் இருப்பதால்தான் அது வெட்டு தாங்குகிறது. ஆனால் 20 சென்டிமீட்டருக்கு வளரவிட்டு 4 சென்டிமீட்டருக்கு இறக்கினால் கதை வேறு. பச்சை இலை எல்லாம் மேலேதான் இருந்தது. மிஞ்சுவது வெளிச்சம் படாத மஞ்சள் தண்டு மட்டும். சமைத்துப்போட இலை இல்லாததால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். வேர் மேலேயே தங்கிவிடும், அடுத்த வெயிலுக்குத் தரை காய்ந்துவிடும். இடையில் தெரியும் மண்ணில் வெளிச்சம் பட்டுக் களை விதைகள் முளைத்துவிடும். ‘வெட்டிய பிறகுதான் களை அதிகமாகிறது’ என்று மக்கள் சொல்வது சரியான கவனிப்பு. உயரமாக வளர்ந்துவிட்டது என்றால் மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டு, பல தவணையாக இறக்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் ஒரே உயரம் என்பதும் தவறு. பந்து விளையாடும் திடலுக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் போதும். உட்கார, நடக்க என்று இருக்கும் பூங்காத் தரைக்கு 5 முதல் 7. மர நிழலில் அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், வெளிச்சம் குறைந்த இடத்தில் புல்லுக்கு இலைப்பரப்பு அதிகம் தேவை. கோடை தொடங்கும்போதும் இயந்திரத்தை ஒரு படி ஏற்றி வைப்பதே நல்லது. இலை நிழலில் மண் ஈரம் சற்று தங்கும்.

உயரத்தைக் கைப்பிடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து நம்ப வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, சிமென்ட் தரையில் இயந்திரத்தை நிறுத்தி, தரையிலிருந்து பிளேடு நுனி வரை அளக்க வேண்டும். ஈர மண்ணில் சக்கரம் அமிழும் அளவுக்கு வெட்டும் இன்னும் தாழும். மேட்டில் அங்கங்கே வட்டமாக வழுக்கை விழுவதற்குக் காரணமும் இதைப் போன்றதே: இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மேடு வந்தால் பிளேடு மண்ணையே சீவிவிடும்.

பிளேடு கூராக இருக்கிறதா என்பதை அறிய இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதில்லை. வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு இலையைப் பாருங்கள். நுனி நேராக, பச்சையாக இருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நார் நாராகக் கிழிந்து, வெளிறி, இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிவிட்டால் அது வெட்டவில்லை, அடித்துக் கிழித்திருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் தரை முழுவதும் சாம்பல் பூத்தது போலத் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீர் விடுவார்கள்! 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, ஆலைகளில் துணியின் மேல் சிலும்பிய நூலைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது. கத்திகள் கொண்ட உருளையும் அடித்தகடும் சேர்ந்து கத்தரிபோல் வெட்டும். இன்று பூங்காக்களில் அதிகம் ஓடும் சுழல் பிளேடு அப்படியல்ல, அரிவாள் வீச்சு மாதிரி வேகத்தாலேயே வெட்டுகிறது. கூர் போனால் அதற்கு வேறு துணை கிடையாது. தினமும் ஓடும் இயந்திரத்துக்குப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சாணை பிடிப்பது நல்ல பழக்கம். பிடித்த பிறகு நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம், அதை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். அப்படியே மாட்டினால் அதிர்வில் பேரிங் போய்விடும்.

வெட்டிய புல்லை வாரிக்கொண்டு போகவில்லை என்பது இன்னொரு புகார். மூன்றில் ஒரு பங்குதான் எடுத்தார்கள் என்றால் வாரிக்கொண்டு போகத் தேவையே இல்லை. துண்டுகள் பெரும்பாலும் தண்ணீர்தான், சில நாளில் மக்கி மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். உரச் செலவில் ஒரு பகுதி மிச்சம். நீளமாக வளர்த்து வெட்டி, குவியல் குவியலாக விட்டால் மட்டும் அடியில் உள்ள புல் மூச்சுத் திணறி மஞ்சளாகும்; அப்போது வாரத்தான் வேண்டும்.

மழை விட்ட மறுநாளே கனமான வண்டியை இறக்குவதைத் தடுக்க ஒரு எளிய சோதனை போதும். குதிகாலை ஊன்றி அழுத்தும்போது நீர் கசிந்தால் அன்று வேலை கிடையாது. சக்கரத் தடம் பார்வைக்கு மட்டும் அசிங்கமல்ல. மண் இறுகி, காற்றுப் போகும் துளைகள் அடைந்து, வேர் கீழே இறங்காமல் போகிறது. இறுகிய தரையில் ஸ்க்ரூடிரைவரைக் கையால் குத்தினால் இறங்காது. அங்கே தண்ணீரும் உரமும் விட்டுப் பயனில்லை. புல் நன்றாக வளரும் பருவத்தில், உள்ளீடற்ற குழாய்ப்பற்கள் கொண்ட கருவியால் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் உருளைகளைப் பிடுங்கி எடுக்க வேண்டும். உருளைகளைத் தரையிலேயே விட்டுவிடலாம், கரைந்துவிடும். பலர் ஆணிப்பலகையால் குத்துகிறார்கள். அது ஓட்டையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் இறுக்குகிறது.

இனி, கண்ணெதிரே நடந்தும் யாரும் புகார் எழுதாத ஒரு தவறு. மரத்தடியில் நிற்கும் புல்லைப் பிரஷ் கட்டரால் சுற்றிச் சுற்றி அடிக்கிறார்கள். நைலான் கயிறு பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கிறது. பட்டைக்கு உட்புறம்தான் இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்கும் பாதை இருக்கிறது. சுற்று முழுவதும் அறுபட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் ஓரிரு ஆண்டில் பட்டுவிடும். அதற்குள் பழி வறட்சி மேல் விழுந்துவிடும். இளமரத்தைச் சுற்றி அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை புல்லை அகற்றி, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்தூளோ சருகோ பரப்பிவிட்டால் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. பரப்பியது மட்டும் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது, பட்டை அழுகும்.

எல்லா இடத்தையும் கட்டையாக வெட்டித்தான் ஆக வேண்டுமா என்றால், வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத ஓரங்களை வளரவிட்டு, பூத்து விதை விழுந்த பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை வெட்டினால் போதும். ஆனால் இங்கே வெட்டியதைக் கட்டாயம் அகற்ற வேண்டும். சத்து ஏறிய மண்ணில் முரட்டுப் புல் நாலைந்து மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிச் சோதனையில் தழைச்சத்து அதிகம் இட்ட பாத்திகளில் செடி வகைகள் வெகுவாகக் குறைந்துபோயின. பாதையை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒழுங்காக வெட்டி வைத்தால், உள்ளே இருப்பது திட்டமிட்டு விட்டது என்று பார்ப்பவருக்குப் புரியும். ‘காடாகக் கிடக்கிறது’ என்ற புகார் பாதியாகக் குறையும்.

ஆகவே ஒப்பந்தத்தில் தடவைக் கணக்கை எடுத்துவிட்டு உயரத்தை எழுதச் சொல்கிறேன். ‘இந்தப் பூங்காத் தரையில் புல் எந்த நாளிலும் 5 சென்டிமீட்டருக்குக் கீழேயோ 8 சென்டிமீட்டருக்கு மேலேயோ இருக்கக் கூடாது’ என்று. கீழ் எல்லை மிக முக்கியம். மேல் எல்லை மட்டும் இருந்தால் ஒப்பந்ததாரர் ஒரே வெட்டில் மண்ணோடு சீவிவிட்டு ஒரு மாதம் வரமாட்டார். அவர் கணக்கில் அது சரிதான். வரைபடத்தில் திடல், பூங்காத் தரை, ஓரம் என்று பிரித்துத் தனித்தனி உயரம் குறிக்க வேண்டும். மழையில் வெட்ட முடியாத நாட்களுக்கு விலக்கும், அதற்குப் பின் பல தவணையாக இறக்க அவகாசமும் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதத்துக்குப் பயந்தே சேற்றில் வண்டியை இறக்குவார்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு தபால் அட்டையின் நடுவில் கீறல் போட்டு அளவுகோலைச் செருகுங்கள். அளவுகோலை மண்ணில் நிறுத்தி, அட்டையை மெதுவாக இறக்கினால் புல்லின் மேல் வந்து உட்காரும். அது நிற்கும் எண்தான் உயரம். பத்து இடத்தில் அளந்து சராசரி எடுத்தால் போதுமானது. பூச்சியம் அளவுகோலின் முனையிலேயே தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல அளவுகோல்களில் அரை சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கும். அடுத்த முறை புகார் எழுதும் வாசகர்கள் இடம், தேதி, அந்தச் சராசரி மூன்றையும் சேர்த்து எழுதலாம்.

இப்படிக்கு,
புல்தரைப் பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்